திண்ணையில் காத்திருக்கும் கட்டுரைகள்

2018 அக்டோபர் 2. அந்த ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கு என்று ஸ்டாக்ஹோமில் அறிவித்தார்கள். அவர்களில் ஒருவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்டிரிக்லேண்ட். மேரி கியூரி (1903), மரியா கோப்பர்ட் மேயர் (1963) இருவருக்கும் அடுத்து, இயற்பியலில் அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். செய்தி கேட்டவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறந்து அவர் பெயரைத் தேடினார்கள். பக்கமே இல்லை. அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூருவுக்கு 2005 முதலே பக்கம் இருந்தது.

யாரும் எழுத முன்வரவில்லை என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை. அதே ஆண்டு ஒருவர் ஸ்டிரிக்லேண்ட் பற்றி வரைவு எழுதி அனுப்பியிருந்தார். மே மாதம் அது திரும்பி வந்தது. தனிக் கட்டுரைக்கு உரியவர் இவர் என்பதைக் கொடுத்த சான்றுகள் காட்டவில்லை என்பது காரணம். அதற்கும் முன்னால், 2014இல் உருவான ஒரு பக்கம் காப்புரிமை மீறல் என்று நீக்கப்பட்டிருந்தது. பரிசு அறிவித்த சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பக்கம் பிறந்துவிட்டது.

அந்த ஐந்து மாதத்தில் என்ன மாறியது? பரிசுக்குரிய ஆய்வை அவரும் அவருடைய ஆசிரியர் மூருவும் 1985இலேயே வெளியிட்டுவிட்டார்கள். மிகக் குறுகிய லேசர் துடிப்பை அப்படியே பெருக்கினால், அதன் வீரியம் பெருக்கும் கருவியையே சிதைத்துவிடும். எனவே துடிப்பை முதலில் நீட்டித் தணித்து, பிறகு பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கினார்கள். கண்ணில் செய்யும் லேசர் அறுவைச் சிகிச்சை வரை இந்த உத்தி வந்திருக்கிறது. 2018இல் அந்த ஆய்வுக்கு வயது முப்பத்துமூன்று. மே மாதம் இல்லாமல் அக்டோபரில் வந்து சேர்ந்தது ஒன்றுதான்: உலகத்து நாளிதழ்கள் அத்தனையும் அவரைப் பற்றி எழுதின.

விக்கிப்பீடியா எப்படி வேலை செய்கிறது என்பதன் சூட்சுமம் இதற்குள் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு பெரியவர் என்று அது அளப்பதில்லை. அவரோடு தொடர்பில்லாத மற்றவர்கள் அவரைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறது. புதியவர்களின் வரைவுகள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

திறந்த கதவும் திண்ணையும்

விக்கிப்பீடியாவுக்கு முன் நியூபீடியா என்ற ஒன்று இருந்தது. 2000இல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நடத்திய அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் நிபுணர்கள் எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15 அன்று, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்ட விக்கிப்பீடியா பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

திறந்த கதவு வழியே பொய்யும் வந்தது. 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய ஒரு கட்டுக்கதை, அவருடைய பக்கத்தில் நான்கு மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப் பக்கம் தொடங்குவது நிறுத்தப்பட்டது. அவர்கள் வரைவை எழுதிக் கொடுத்தால் அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஏற்றும் ஏற்பாடு வந்தது. 2018 ஏப்ரலிலிருந்து, கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் திருத்தங்களும் ஆகாதவர்களுக்கும் அதே வழிதான்.

நம் பழைய வீடுகளின் திண்ணை போன்றது, வரைவுகள் காத்திருக்கும் இந்த வரைவுவெளி. வருகிறவரைத் துரத்துவதில்லை, நேரே கூடத்துக்குள் விடுவதும் இல்லை. உட்காரவைத்து நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே அழைக்கிறார்கள். ஆனால் அந்த நாலு வார்த்தை பேசுகிறவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவர் முன் ஆயிரக்கணக்கான வரைவுகள் வரிசையில் நிற்கின்றன. உங்கள் வரைவுக்கு அவர் தருவது சில நிமிடங்களாகவே இருக்கலாம். அதற்குள் அவர் பார்ப்பவை மூன்று: எங்கிருந்தாவது நகலெடுத்ததா? விளம்பரம்போல் இருக்கிறதா? சான்றுகள் தாங்குமா? முதல் இரண்டில் தப்பிய பலர் மூன்றாவதில் சறுக்குகிறார்கள்.

எது சான்று?

ஒரு தெருக்கூத்துக் கலைஞரைப் பற்றி நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மேசையில் நான்கு தாள்கள் இருக்கின்றன. முதலாவது, அவருடைய நாடக மன்றம் அடித்த துண்டறிக்கை. அது அவர் தரப்பே தன்னைப் பற்றிச் சொல்வது, கணக்கில் வராது. இரண்டாவது, அவருடைய நேர்காணல். பிறந்த ஊர், குருவின் பெயர் போன்ற விவரங்களுக்கு உதவும். ஆனால் பேசுவது அவரேதான். மூன்றாவது, கோயில் திருவிழா பற்றிய நாளிதழ்ச் செய்தி. பத்துப் பெயர்களுக்கு நடுவே இவர் பெயரும் வருகிறது. நம்பகமானது, ஆனால் ஒரு வரிக்கு மேல் ஒன்றும் இல்லை. நான்காவது, நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் ஒருவரின் நூல். இவருடைய அடவுகளையும் வேடங்களையும் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார். இதுதான் தங்கம். சுதந்திரமான கை எழுதியது, பதிப்பாளரின் பார்வையைக் கடந்தது, விரிவானது. இதுபோல் இரண்டு மூன்று கிடைத்துவிட்டால் வரைவு நிற்கும். துண்டறிக்கைகள் முப்பது இருந்தாலும் நிற்காது.

இனி வாக்கியத்துக்கு வருவோம். முதல் வரைவில் பலரும் இப்படி எழுதுவார்கள்: “கூத்துக் கலைக்கே தன்னை அர்ப்பணித்த ஒப்பற்ற கலைஞர். இவரை அறியாத ஊரே இல்லை.” அன்பு இருக்கிறது, சரிபார்க்க ஒரு சொல்கூட இல்லை. அதையே, “நாற்பது ஆண்டுகளாகப் பெண் வேடம் கட்டிவரும் தெருக்கூத்துக் கலைஞர்” என்று எழுதி, அந்த வாக்கியம் முடியும் இடத்திலேயே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். ‘ஒப்பற்ற’ என்ற சொல் செய்யாத வேலையை ‘நாற்பது ஆண்டு’ செய்துவிடும்.

ஆக, வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். எழுதிவிட்டுச் சான்று தேடக் கூடாது. சான்றுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, அவை சொல்வதை மட்டும் நம் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும். தன்னைப் பற்றியோ தன் நிறுவனத்தைப் பற்றியோ எழுதாமல் இருப்பது நல்லது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த உறவை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வரைவு திரும்பி வந்தால் காரணத்தைப் படித்து, அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டு மீண்டும் அனுப்பலாம். எதையும் மாற்றாமல் அப்படியே திரும்ப அனுப்புவது மட்டும் வீண்.

பத்து நிமிடத் துணை

ஸ்டிரிக்லேண்டுக்குத் திரும்புவோம். கல்வியாளர்களுக்கென்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி அளவுகோல் உண்டு. பெரிய அறிவியல் சங்கமொன்றின் மதிப்புமிக்க ஆய்வுறுப்பினராகவோ தலைவராகவோ இருந்தாலே ஒருவர் தகுதி பெறுவார். ஸ்டிரிக்லேண்ட் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்தில் 2008இல் அப்படி ஆய்வுறுப்பினரானவர். 2013இல் அதன் தலைவர். எழுதியவரும் பார்த்தவரும் பத்து நிமிடம் பேசியிருந்தால், அந்தப் பக்கம் மே மாதமே வந்திருக்கக்கூடும். தேவையான தகுதி இருந்தது. அதை எப்படிக் காட்டுவது என்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

இப்படித் துணையில்லாமல் புதியவர்களை இழப்பதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோரின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் முயற்சிகள் தள்ளப்பட்டதும் அவர்கள் போய்விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. கேள்வி கேட்கவென்றே 2012இல் ‘தேநீர் இல்லம்’ என்ற பொருளில் ஓர் இடம் திறந்தார்கள். அங்கே அழைக்கப்பட்டவர்களில், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலானோர் தொடர்ந்து எழுதினார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா இந்த அக்கறையைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. எழுதிப் பழக ‘மணல்தொட்டி’, உதவி கேட்க ‘ஒத்தாசைப் பக்கம்’, கூடிப் பேச ‘ஆலமரத்தடி’. 2003இல் தொடங்கிய அது 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. தொடக்கத்திலிருந்தே உழைத்த இலங்கைத் தமிழர் மயூரநாதன் ஒருவரே நாலாயிரத்துக்கும் மேல் எழுதியிருக்கிறார். அனுபவமுள்ள ஒவ்வொருவரும் மாதம் ஒரு புதியவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் அடுத்த மயூரநாதன் அந்த மரத்தடியிலிருந்தே எழுந்து வருவார்.

அந்தக் கூத்துக் கலைஞரைப் பற்றி எங்குமே யாரும் எழுதவில்லை என்றால்? அப்போது கலைக்களஞ்சியம் கையை விரிக்கத்தான் செய்யும்; எதையும் முதலில் சொல்லும் இடம் அதுவல்ல. ஆனால் முதலில் சொல்லும் இடங்கள் நம்மிடம் உண்டு: சிற்றிதழ், வட்டார வரலாற்று நூல், ஞாயிறு இணைப்பு, கல்லூரி ஆய்வேடு. உங்களுக்குத் தெரிந்த ஆய்வாளரிடமோ நிருபரிடமோ அந்தக் கலைஞரின் ஊருக்கு வழி சொல்லுங்கள். அவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கூத்துப் பார்க்கட்டும், கேட்டு எழுதட்டும், அச்சில் வரட்டும். அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வாருங்கள். உங்கள் முதல் வாக்கியத்துக்குச் சான்று தயாராக இருக்கும்.