லேபர் சார்ஜ் யார் பைக்குப் போகிறது?

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குப் பீஸ் ரேட் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஷூவின் மேல்பாகம் தைப்பவருக்கு ஜோடிக்கு என்ன கிடைக்கிறது, அதே ஷூ வெளிநாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு. அதே கணக்கை நம் கார் சர்வீஸ் பில்லுக்கு மட்டும் நாம் போட்டுப் பார்ப்பதில்லை.

பில் கைக்கு வந்ததும் திட்டு வாங்குபவர் மெக்கானிக். 'லேபர்' என்று அச்சாகியிருப்பதால் அது அவர் கூலி என்று நினைத்துவிடுகிறோம். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்பதற்குக் கார் கம்பெனியின் அட்டவணை இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கிறது. ஷெட் வாடகை, அட்வைசர் சம்பளம், டீலர் லாபம் எல்லாம் அந்த ரேட்டுக்குள் அடக்கம். லேபர் 1,500 ரூபாய் என்றால் அதன்மேல் ஜி.எஸ்.டி. மட்டும் 270. காருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவரோ பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். டார்கெட்டைத் தாண்டினால் கொஞ்சம் இன்சென்டிவ். அமெரிக்க டீலர்ஷிப்கள் பலவற்றில் அட்டவணை நேரத்துக்கே மெக்கானிக்குக்குக் கூலி. கார் வராத நாளில் அவர் பாடு திண்டாட்டம்தான். ஆனாலும் பில்லில் ஏறும் மணிக்கும் அவர் வாங்கும் கூலிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இங்கே லேபர் ரேட் ஏறினால் சம்பளமும் கூடவே ஏறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தபின் வண்டியில் சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்கேனர் மாட்டாமல் பல கோளாறுகளைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. 2025 செப்டம்பரில் உதிரிபாக வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது நல்லதுதான். ஆனால் முன்பு பிரித்துச் சரிசெய்த பாகத்தை இப்போது முழு செட்டாக மாற்றுகிறார்கள், பில் இறங்குமா? உதிரிபாகமும் ஸ்கேனரும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ரோட்டோரப் பட்டறை அண்ணனிடம் அந்தக் கருவிகள் இருந்திருந்தால் நமக்கும் பேரம் பேச ஓர் இடம் இருந்திருக்கும்.

கருவி, பயிற்சி, கட்டடம் என்று முதலீடு பெரிது என்கிறது டீலர்கள் தரப்பு. இருக்கலாம்.

என் கவலை இந்த வேலைக்கு வரும் பையன்களைப் பற்றியது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அப்புறம் அப்ரென்டிஸ். 2019-ல் திருத்திய விதி அவர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அந்தப் பணத்தில் பைக்குக்குப் பெட்ரோல் போட்டு, வீட்டுக்கும் எதைக் கொடுப்பான்? வேலை பிடிபட்டதும் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர், பெங்களூரு என்று போய்விடுகிறான், இல்லையென்றால் வளைகுடா. உணவு டெலிவரிக்குப் போகிறவனும் உண்டு. பிரேக்கின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்கிற கை உருவாகப் பல வருடம் பிடிக்கும். அந்தக் கை ஊரைவிட்டுப் போனபின் நம் பிரேக்கைத் தொடுவது நேற்று வந்த அப்ரென்டிஸ். அதே பிரேக்கை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்குகிறோம்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது அட்வைசரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறீர்கள்? செய்யப்போகிறவர் எத்தனை வருட அனுபவம் உள்ளவர்? இரண்டுக்கும் பதிலை ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.