உங்களுக்குத் தெரியுமா? விரிசல் விட்ட கியர்பாக்ஸ்

பல பழைய கார்களின் கியர்பாக்ஸ் கூடு அலுமினிய வார்ப்பு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன்மேல் படிந்த ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் டிக் வெல்டிங் இந்தப் படலத்தை உடைத்துக்கொண்டே போகும். ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாது.

வெல்டிங்கைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. வார்ப்பின் நுண்துளைகளில் பல ஆண்டு கியர் ஆயில் ஊறிக் கிடக்கும். எவ்வளவு துடைத்தாலும் சூடு பட்டதும் அது கசிந்து வந்து வெல்டிங்கில் கறுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். அதனால் கூட்டைக் கழற்றிக் கழுவி, மிதமாகச் சூடாக்கி எண்ணெயை வெளியேற்றுவார்கள். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசலை ‘வி’ வடிவில் அகழ்ந்து, சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பியால் நிரப்புவார்கள். பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் கூட்டை மாற்றுவதே மேல். சூட்டில் அளவு கோணிவிடும்.

எல்லாக் கூடும் அலுமினியம் அல்ல. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கூடு மக்னீசியக் கலவை. சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மக்னீசியம் நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது.