சோர்வுக்குக் காரணம் சோறு மட்டுமன்று

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஊர்களிலே, கடலோடும் சுமையோடும் போராடி உரமேறிய முதியவர் பலர் உளர். அத்தகைய ஒருவருக்குப் புரஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முற்றி எலும்புகளுக்குப் பரவிவிட்டால், நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்குவதும் முகம் வெளிறுவதும் உண்டு. வீட்டார் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து, "ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே தெம்பு வரும்!" என்று கடிந்துகொள்வர். கடிதல் அன்பினால் எழுவதே. ஆயினும் குற்றம் அவர் மீதன்று.

இச்சோர்வின் முக்கிய காரணங்களுள் ஒன்று இரத்தசோகை. ஆண்களின் குருதியில், டெசிலீற்றருக்கு 13 கிராமிலும் குறைவாக ஈமோகுளோபின் இருப்பின் அதனை இரத்தசோகை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை.

குருதியின் செவ்வணுக்கள் எலும்பின் உள்ளேயுள்ள மச்சையிலே பிறந்து, ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. புற்றுநோய் அம்மச்சையில் குடியேறினால் அவற்றின் பிறப்புக் குன்றும். நோயை அடக்க ஆண் ஓமோனைக் குறைக்கும் சிகிச்சையும் அவ்வாறே செய்யும். செவ்வணு உற்பத்தியைத் தூண்டுவோருள் அவ்வோமோனும் ஒன்றன்றோ? (இச்சிகிச்சையின் பயனை 1941 இல் நிறுவிய சாள்ஸ் ஹகின்ஸ், 1966 இல் நோபெல் பரிசு பெற்றார்.) சிறுநீரோடு இரத்தம் கழிதலும், சிறுநீர்வழி அடைபட்டுச் சிறுநீரகம் பழுதுறுதலும் பிற காரணங்களாம்.

எனவே பரிகாரமும் வேறுபடும். இரும்புச்சத்துக் குறைவு பரிசோதனையில் தெரிந்தால் இரும்பு மருந்து உதவும். குறைவில்லாதவருக்கு அதனால் பயனில்லை. அடைப்பு இருப்பின் அதனை நீக்கல் வேண்டும். செவ்வணுவைப் பெருக்கும் எரித்திரோபொயற்றின் ஊசி, நாளங்களில் குருதி உறையும் ஆபத்தை மிகுவிப்பதால், அதனை வைத்தியர் மிக எச்சரிக்கையுடனேயே ஆள்வர். இளைப்பு மிகுந்தால் குருதி ஏற்றுவர்; ஆறுதல் விரைவில் கிட்டும், ஆனால் அது தற்காலிகமே. மார்பு வலியோ கடும் மூச்சுத்திணறலோ கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஏற்றும் அக்குருதி எங்கிருந்து வருகிறது? 2014 முதல் இலங்கையின் இரத்த வங்கிகள் ஊதியம் பெறாத தொண்டர்களையே முற்றாக நம்பியுள்ளன. 18 வயது நிறைந்த, நல்லாரோக்கியமுள்ள மாணவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை குருதி வழங்கலாம்.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியது மற்றொன்றும் உண்டு. கடிந்துகொள்வதை விடுத்து, அடுத்த முறை வைத்தியரிடம், "இரத்தம் குறைந்தது எதனால்?" என்று கேளுங்கள். தம் தளர்ச்சிக்குத் தாமே பொறுப்பென்று எண்ணி வருந்தும் முதியவருக்கு, அவ்வினாவின் விடையே பாதி மருந்தாகும்.