நான்கில் ஒரு டிஸ்க் போனால்

வீட்டுச் சேமிப்பு சர்வரில் ஹார்டு டிஸ்க் ஒன்று செத்துப்போனால், முதலில் எதையும் தொடாமல் இருப்பதுதான் நல்லது. பெட்டி விடாமல் பீப் ஒலி எழுப்பும், முன்பக்க விளக்குகளில் ஒன்று நிறம் மாறியிருக்கும், நிர்வாகப் பக்கத்தில் 'டிகிரேடட்' என்று சிவப்பு எழுத்து மின்னும். ஆனாலும் கல்யாண ஆல்பம் திறக்கிறது, படம் ஓடுகிறது, செல்போனிலிருந்து போட்டோக்கள் வந்து சேர்கின்றன. ஒரு டிஸ்க் போன பிறகும் இப்படி ஓட வேண்டும் என்றுதானே அந்தப் பெட்டியையே வாங்கினோம்! அந்த நிமிடத்தில் ஒரு பைட் கூடத் தொலைந்திருக்காது. தொலைவதெல்லாம் அதற்குப் பிறகு, பதற்றத்தில் செய்யும் காரியங்களில்தான்.

போன டிஸ்க்கில் இருந்தது எப்படி இன்னும் கிடைக்கிறது? 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளின் விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம் என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதற்கு மாற்றாகக் கொஞ்சம் உபரித் தகவலையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும் என்றார்கள். இன்று வீட்டுப் பெட்டிகளில் 'ரெய்டு' என்ற பெயரில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

உபரித் தகவலின் கணக்கு ஆரம்பப் பள்ளிக்கூட அளவுக்கு எளிது. மூன்று டிஸ்க்குகளில் ஒரே வரிசையில் 1, 0, 1 என்ற பிட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். நான்காவதில் என்ன எழுத வேண்டும்? மொத்த ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஒரு பிட். இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் இருப்பதால் 0. இப்போது மூன்றாவது டிஸ்க் போய்விட்டது. மிச்சம் 1, 0, 0. ஒன்றுகள் இரட்டைப்படையாக வர வேண்டுமென்றால் காணாமல் போனது 1 ஆகத்தான் இருக்க முடியும். நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகள் போட்டால் 24 டெராபைட்தான் நமக்குக் கிடைக்கும். மிச்ச 8 இந்த இரட்டைப்படைக் கணக்குக்குப் போய்விடும். இது ரெய்டு 5. ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவது ரெய்டு 6. அதற்கு இரண்டு டிஸ்க் அளவு இடத்தைத் தியாகம் செய்ய வேண்டும்.

புதிய டிஸ்க்கைச் செருகியதும் நடக்கும் மீள்கட்டமைப்பும் இதே கணக்குதான். மிஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, விடுபட்ட பிட்டைக் கண்டுபிடித்து, புதியதில் எழுத வேண்டும். 8 டெராபைட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய 15 மணி நேரம். நடுவில் வீட்டில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். ஆபத்தான கட்டம் இதுதான். வருடக்கணக்கில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த மூன்று டிஸ்க்குகளை, பாதுகாப்பு ஏதும் இல்லாத நேரத்தில், ஓய்வில்லாமல் முழுசாகப் படிக்கச் சொல்கிறோம். அவையும் செத்துப்போனதோடு ஒரே நாளில், ஒரே கடையில், ஒருவேளை ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை.

ஒரு டிஸ்க் பழுதாவதற்கும் இன்னொன்று பழுதாவதற்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டுதான் 1988 கட்டுரை கணக்குப் போட்டது. அதே கார்த் கிப்சன், 2007-ல் பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து, பெரிய கணினி மையங்களில் இருந்த சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தார். தயாரிப்பாளர்களின் தரவுத்தாள் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம்தான் பழுதாகும் என்றது. மையங்களிலோ 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றுவது சாதாரணமாக இருந்தது. அதைவிட முக்கியம், டிஸ்க்குகள் அதிகம் போன வாரத்தைத் தொடர்ந்த வாரத்திலும் அதிகம் போயின. பழுதுகள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டாளியோடு வருகின்றன. தன் பழைய கணக்கின் அடிப்படையைத் தானே சோதித்துப் பார்க்கும் இந்த மாதிரி ஆய்வாளர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இன்னொரு பயமும் சொல்வார்கள். சாதாரண டிஸ்க்குகளின் தரவுத்தாளில், ஒரு கோடிக் கோடி பிட் படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று இருக்கும். அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. நாம் படிக்கப்போவது 24. அப்படியானால் மீள்கட்டமைப்பு முடியவே முடியாது அல்லவா? 2007-ல் ராபின் ஹாரிஸ் என்ற எழுத்தாளர் இந்தக் கணக்கை வைத்து, 2009-க்கு மேல் ரெய்டு 5 பயன்படாது என்று எழுதினார். இன்றும் ரெய்டு 5 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தரவுத்தாளில் உள்ளது உச்சவரம்பு. நல்ல டிஸ்க்குகள் அதைவிட மிக நன்றாகவே படிக்கின்றன. ஆனால் படிக்க முடியாத ஓர் இடம் நிஜமாகவே வந்தால் என்ன ஆகும் என்பது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் பொறுத்தது. பழைய கட்டுப்பாட்டு அட்டைகள் சில மொத்தத்தையும் கைவிட்டுவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் போன்றவை, கெட்டுப்போன கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு மற்றதைக் காப்பாற்றிக் கொடுக்கும். அதோடு, காலி இடத்தை விட்டுவிட்டு, தரவு உள்ள இடத்தை மட்டும் படிக்கும். பாதி காலியான பெட்டியில் பாதி வேலை மிச்சம்.

ஆகவே புதிய டிஸ்க்கைச் செருகுவதற்கு முன்னால், பெட்டி உயிரோடு இருக்கும்போதே, திரும்பக் கிடைக்காதவற்றை வெளியே நகல் எடுத்துவிடுங்கள். குழந்தையின் போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், அப்பாவின் குரல் பதிவு. சினிமா எல்லாம் இருக்கட்டும். 15 மணி நேரம் எல்லாவற்றையும் படிப்பதைவிட, அரை மணி நேரம் முக்கியமானதை மட்டும் படிப்பது பழைய டிஸ்க்குகளுக்குச் சுலபம். கரண்ட் போகும் ஊராக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் மீள்கட்டமைப்பில் இறங்கவே வேண்டாம்.

அடுத்தது, செத்தது உண்மையிலேயே டிஸ்க்தானா என்ற கேள்வி. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையில், மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை ஏறியிருந்தால் டிஸ்க்கின் மேல் சந்தேகம். தகவல் பரிமாற்றப் பிழைகள் மட்டும் ஏறியிருந்தால், பெரும்பாலும் கேபிளின் மேல் சந்தேகம். டிஸ்க் நன்றாக இருந்தும் வெளியே தள்ளப்படுவதும் உண்டு. மேசைக் கணினிக்கான டிஸ்க், படிக்க முடியாத இடத்தோடு ஒரு நிமிடத்துக்கு மேல்கூட மல்லுக்கட்டும். அவ்வளவு நேரம் பதில் வராததால், பெட்டி அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்குகள் சுமார் 7 விநாடியில் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடும். ஸ்மார்ட் அறிக்கையை ஒரேயடியாக நம்பவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆனால் பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைப்போல் 39 மடங்கு. அறிகுறி இல்லை என்றால் நிம்மதி இல்லை, இருந்தால் தாமதிக்கக்கூடாது.

கழற்றும்போதுதான் மிகப் பெரிய தவறு நடக்கும். மூன்று நல்ல டிஸ்க்கும் ஒரு கெட்ட டிஸ்க்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லினக்ஸ் கொடுக்கும் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' போன்ற பெயர்கள் அடுத்த முறை பெட்டியை இயக்கும்போது மாறிவிடலாம். மாறாதது டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண் மட்டும்தான். திரையில் காட்டும் எண்ணையும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

மாற்று டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது, அது தெரிந்ததே. பலருக்குத் தெரியாதது, சில டிஸ்க்குகளில் தடங்கள் கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பது. குறைந்த இடத்தில் நிறைய எழுத இந்த உத்தி. ஒரு தடத்தைத் திருத்தி எழுதினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும், அதனால் தொடர்ந்து எழுதும்போது திணறும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சர்வருக்கென்றே விற்ற 'ரெட்' வரிசையின் சில டிஸ்க்குகளில் இந்த உத்தியைச் சொல்லாமல் சேர்த்திருந்தது வெளியே வந்தது. வாங்கியவர்கள் மீள்கட்டமைப்பு நாள்கணக்கில் இழுப்பதையும் பாதியில் நிற்பதையும் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். எழுந்த எதிர்ப்பில் நிறுவனம் பட்டியலை வெளியிட்டு, பழைய முறை டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று தனியே பிரித்தது. வாங்கும் முன் மாடல் எண்ணைப் பார்த்து, பழைய முறையான 'சிஎம்ஆர்' வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மீள்கட்டமைப்பின் நடுவில் இரண்டாவது டிஸ்க்கும் போய்விட்டால்? பெட்டியை அணைத்துவிடுங்கள். திரும்ப இயக்கும்போது 'புதிதாக அமைக்கவா?' என்று அது பணிவாகக் கேட்கும். ஆம் என்றால் கதை முடிந்தது. திணறும் டிஸ்க்கை வேறு கணினியில் பொருத்தி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கலாம். நன்றாகப் படிக்கும் இடங்களை முதலில் எடுத்துவிட்டு, தகராறு செய்யும் இடங்களைப் பிறகு எடுக்கும் அது. அந்தப் பிரதியை வைத்துத்தான் மேற்கொண்டு முயல வேண்டும். டிஸ்க் கடகடவென்று ஒலித்தால் அதுவும் வேண்டாம், நிபுணரிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்ற பேச்சை நம்பி உள்ளே ஈரம் கோக்க விடாதீர்கள்.

மீள்கட்டமைப்பு நல்லபடியாக முடிந்தால், மொத்தத்தையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அதை வழக்கமாக்கினால், மூலையில் கெட்டுக்கிடக்கும் இடங்கள் நெருக்கடி நேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை அது நான்கு டிஸ்க்கிலிருந்தும் உண்மையாகவே அழித்துவிடும். வேறு வீட்டில் இன்னொரு நகல் இல்லாதவர், பேக்கப் இல்லாதவர்தான்.

செத்த டிஸ்க்கை அப்படியே காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். நான்காகப் பிரித்து எழுதினாலும், லினக்ஸில் வழக்கமாக ஒரு துண்டு 512 கிலோபைட். ஓர் ஆதார் அட்டையின் ஸ்கேன் முழுசாக ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும். நகல்கள் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு, உள்ளே இருக்கும் தட்டுகளைத் துளையிட்டுவிட்டுக் கொடுங்கள்.