கடிகாரம் பார்த்து வரும் தலைவலி

மாணவர்களே, நள்ளிரவு ஒரு மணி. அப்பா திடீரென எழுந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கூடத்தில் அங்குமிங்கும் நடக்கிறார். அந்தக் கண் சிவந்து நீர் வடிகிறது. அதே பக்க மூக்கும் அடைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வலி அடங்குகிறது. மறுநாள் இரவும் அதே நேரம், அதே கண்!

கூலாயில் நம் வீடுகளில் இதைச் 'சைனஸ்' என்போம், 'பல்வலி' என்போம், இரண்டு பெனடால் கொடுப்போம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது வலியே போயிருக்கும். இது கொத்துத் தலைவலியாக இருக்கலாம். சில வாரங்கள் அல்லது மாதங்கள் கொத்தாக வந்து, பிறகு நீண்ட நாள் மறைந்துவிடுவதால் இப்பெயர். இது ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது.

மைக்ரேனை நாம் 'ஒற்றைத் தலைவலி' என்கிறோம். அந்தப் பெயராலும் குழப்பம் வரும். மைக்ரேன் இரு பக்கமும் வரலாம். 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். நோயாளி இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கொத்துத் தலைவலியோ ஒரே பக்கம்தான்; 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை; நோயாளியால் ஓரிடத்தில் இருக்க முடியாது.

அது ஏன் நேரம் தவறாமல் வருகிறது? உடல் வெப்பநிலையைச் சீராக்கும் ஹைப்போதாலமஸ் பற்றிப் படித்திருப்பீர்கள். தூக்கம், விழிப்பு ஆகியவற்றின் உடல் கடிகாரமும் அங்கேதான் உள்ளது. 1998இல் லண்டன் ஆய்வாளர்கள், வலி வந்த வேளையில் நோயாளிகளின் மூளையைப் படம்பிடித்தனர். அப்பகுதி சுறுசுறுப்பாக இயங்கியது தெரிந்தது.

இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லை. மூளை ஸ்கேன் எடுப்பது வேறு நோய் இல்லை என்று பார்க்கத்தான். குறைந்தது ஐந்து முறை வந்த வலியின் விவரத்தைக் கேட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த விவரத்தை நீங்கள் எழுதித் தரலாம். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், கண்ணும் மூக்கும் எப்படி இருந்தன, படுத்திருந்தாரா நடந்தாரா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். அதோடு அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். முகமூடி வழியாக மருத்துவர் தரும் ஆக்ஸிஜன், பலருக்கு 15 நிமிடத்தில் வலியைத் தணிக்கிறது. வலி வராமல் தடுக்கவும் மருந்து உண்டு.

ஒன்றை மறவாதீர்கள். இதுவரை இல்லாத கடும் வலி திடீரெனத் தாக்கினாலோ, தலைவலியுடன் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ நோட்டுப் புத்தகத்தைத் தேடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.