தரகர் மாறினார், தராசு மாறவில்லை!

கக்கத்திலே குடை, கையிலே மஞ்சள் பை, பைக்குள்ளே பத்துப் பதினைந்து ஜாதகம், வாயிலே வற்றாத புகழுரை! நேற்றைய கலியாணத் தரகர் இப்படித்தான் வந்தார். இன்றைய தரகருக்குக் குடையும் இல்லை, பையும் இல்லை, உருவமே இல்லை. தொழிலாளியின் சட்டைப் பையிலே கிடக்கும் கைப்பேசிக்குள்ளே குடியேறிவிட்டார். "பெண் வேண்டுமா? பட்டியல் இதோ! நட்பு வேண்டுமா? படம் இதோ! பேச வேண்டுமா? பணம் எங்கே?" என்று இரவு பகல் பாராமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஓசூரிலே இந்தத் தரகருக்கு நல்ல வேட்டை! ஏன்? சிப்காட் வட்டாரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வண்டி, கடிகாரம், கைப்பேசி உறுப்பு, மின்சார ஸ்கூட்டர் என்று விதவிதமாய் விளையும் பூமி. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், தெற்கேயுள்ள மாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற வட மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம் பெண்களும் வந்து குவிகிறார்கள். ஒரே அறையிலே நால்வர், ஐவர். ஷிப்டு முடிந்தால் பஸ். பஸ் விட்டால் அறை. அறை விட்டால் ஷிப்டு. பெண்களுக்கோ விடுதி, வாயிலிலே காவல். பெற்றோர் தொலைவிலே, உற்றார் ஊரிலே. ராமநாயக்கன் ஏரிக்கரையிலே ஓர் ஆணும் பெண்ணும் நின்று பேசினால், நாலு கண் பார்க்கும், எட்டுக் கண் வம்பு பேசும். பேசுவதற்கு இடம் தராத ஊரிலே, கைப்பேசிதான் இடம் தருகிறது. அதனால்தான் இளைஞன் அதிலே நுழைகிறான். குற்றமா அது? இல்லை! துணை தேடுவது மனித இயல்பு. ஆனால், அந்த இயல்பை எவன் எப்படி விலை கூறுகிறான் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நுழைவதுதான் ஆபத்து.

இந்த வாணிபத்திலே இருவகைக் கடைகள் உண்டு. ஒன்று கலியாணக் கடை. மற்றொன்று காதல் கடை.

கலியாணக் கடை முதலில். நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி, மும்பையின் ஷாதி டாட் காம் ஆகியவை 1990-களின் இறுதியில் முளைத்தவை. பெயரைப் பதிவு செய்ய வேண்டும். படம் போட வேண்டும். படிப்பு, சம்பளம், உயரம், நட்சத்திரம், சாதி, உட்சாதி எல்லாம் எழுத வேண்டும். பார்ப்பது இலவசம். எதிர்ப்பக்கத்தின் தொலைபேசி எண் வேண்டும், நேரே பேச வேண்டும் என்றால் கட்டணம். கதவு திறந்தே இருக்கும், உள்ளறைக்குத்தான் பூட்டு!

இதிலே கவனிக்க வேண்டியது சல்லடை. இன்ன சாதி, இன்ன உட்சாதி என்று குறித்துவிட்டால் மற்றவர் முகமே கண்ணில் படாது. பொதுக்கடை போதாதென்று, ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை மாட்டிய நூற்றுக்கணக்கான கிளைக்கடைகளும் வந்துவிட்டன. ஷாதி தளத்திலே தோல் நிறத்தைப் பார்த்துத் தேடும் சல்லடையும் இருந்தது. 2020 ஜூனில், அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் நீதி கேட்டு எழுந்த வேளையில், அங்கே வாழும் இந்தியப் பெண்கள் சிலர் கண்டனக் குரல் எழுப்பினர். நிறச் சல்லடை எடுக்கப்பட்டது. நிறம் பார்ப்பது இழிவு என்று ஒப்புக்கொண்டவர்கள், சாதி பார்ப்பதை மட்டும் வசதி என்று வைத்திருக்கிறார்கள்! கேட்டால், "வாடிக்கைக்காரர் விரும்புகிறார்" என்பர். கள்ளுக்கடைக்காரனும் அதைத்தானே சொன்னான்?

விருப்பம் இருக்கிறது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. 2019-இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் வேறு இருவரும் சேர்ந்து, வங்காளச் செய்தித்தாளில் வந்த மணமக்கள் விளம்பரங்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம் சாதியிலேயே மணம் முடிய வேண்டும் என்பதற்காக, படிப்பே இல்லாதவருக்கும் முதுகலைப் பட்டதாரிக்கும் உள்ள வேறுபாட்டளவு மதிப்பைக்கூட விட்டுக்கொடுக்க மக்கள் முன்வருகிறார்கள் என்று கண்டனர். 2011-12-இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி, சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவே. விஞ்ஞானம் வந்தால் சாதி போகும் என்றோம். சாதி விஞ்ஞானத்தையே வேலைக்கு அமர்த்திக்கொண்டது!

இனிக் காதல் கடை. டிண்டர் 2012-இல் அமெரிக்காவிலே பிறந்தது. பம்பிள் 2014-இல் தோன்றி, 2018-இல் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரிலே பிறந்த ஐல் என்ற நிறுவனம் தமிழருக்கென்றே 'அன்பே' என்ற செயலியையும் நடத்தியது. முறை எளிது. திரையிலே ஒரு படம் வரும். வலப்புறம் தள்ளினால் விருப்பம். இடப்புறம் தள்ளினால் மறுப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினால்தான் பேச வழி திறக்கும். சாதிப் பெயர் அங்கே முதல் வரியில் இல்லை, அது நன்மையே. பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதுவும் நன்மையே.

ஆனால், யார் படம் யாருக்கு எப்போது காட்டப்படும் என்பதை யார் முடிவு செய்கிறார்? வயது, தூரம், இதற்கு முன் எவரை விரும்பினாய், எவரை விலக்கினாய், எத்தனை நேரம் உள்ளே இருந்தாய் என்று பலவற்றைக் கூட்டிக் கழித்து, கணிப்பொறியின் கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கை நமக்குக் காட்டமாட்டார்கள். "பணம் கட்டு, உன் படத்தை முன்னே வைக்கிறோம், பணம் கட்டு, உன்னை விரும்பியவர் யார் என்று சொல்கிறோம்" என்பார்கள். இந்தச் செயலிகளிலே ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. ஆகவே நூறு பேரை விரும்பியும் ஒரு பதில் வராத இளைஞன், குறை தன் முகத்தில்தான் என்று குமைந்து, ஓவர்டைம் பணத்தை எடுத்துக் கட்டுகிறான். அவன் முகத்திலே குறை இல்லை, தோழர்களே! கடையின் கணக்கிலே இருக்கிறது குறை.

தூரத்தை வைத்துக் காட்டுவதால் ஓசூர்க்காரனுக்கு இன்னொரு சோதனை. நாற்பது கிலோமீட்டரிலே பெங்களூர். செயலிக்கு அத்திப்பள்ளி எல்லை தெரியாது. ஜூஜூவாடியில் இருப்பவனுக்குப் பெங்களூர்ப் படங்களை அள்ளிக் கொட்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் எல்லை மண் நம் மண். மொழி நமக்குத் தடையல்ல. ஆனால் அங்கே ஆங்கிலத்திலே அறிமுகம், மலைச்சாரலிலே எடுத்த படம், மாதம் இலட்சம் சம்பளம். இங்கே காண்ட்ராக்ட் வேலை, நிறுவன அடையாள அட்டை. மாநில எல்லையை அழித்த செயலி, வர்க்க எல்லையை அழிக்கவில்லை!

இந்தக் கடையின் இலாபம் எங்கே என்று பாருங்கள். இணை சேர்ந்துவிட்டால் வாடிக்கைக்காரர் இருவர் வெளியேறிவிடுவர். தேடிக்கொண்டே இருந்தால்தான் மாதச் சந்தா. டிண்டரின் உரிமை நிறுவனமான மேட்ச் குரூப் மீது, செயலிகளைச் சூதாட்டம் போல அடிமைப்படுத்தும் வகையில் அமைத்திருக்கிறது என்று 2024 பிப்ரவரி 14-ஆம் நாள், காதலர் தினத்தன்றே, அமெரிக்காவிலே வழக்குப் போட்டனர். நிறுவனம் மறுத்தது. ஆனால், சந்தாவை நிறுத்தவிடாமல் அலைக்கழித்தது முதலிய புகார்களின் பேரில் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கிலே, 2025 ஆகஸ்டில் 1 கோடியே 40 இலட்சம் டாலர் தர அதே நிறுவனம் இணங்கியது. முப்பது வயதைக் கடந்தவரிடம் டிண்டர் கூடுதல் கட்டணம் வாங்கியது பற்றியும் கலிபோர்னியாவில் வழக்கு நடந்தது. வயதுக்கு ஏற்ற விலை! தனிமை கூடக் கூட விலையும் கூடுகிறது!

தரகருக்கும் மேலே ஒரு பெருந்தரகர் உண்டு. 2024 மார்ச்சு முதல் நாள், கமிஷன் தகராறிலே பாரத் மேட்ரிமோனி, ஷாதி முதலிய இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்தே தூக்கி எறிந்தது. அரசு தலையிட்ட பின்னரே அவை திரும்பி வந்தன. நூற்றுக்கு 11 முதல் 26 வரை கமிஷன் கேட்டது கூகுள். ஊர்த் தரகரிடமிருந்து தப்பியவன், உலகத் தரகருக்குத் தரகு கட்டுகிறான்!

இது சட்டத்துக்கு உட்பட்ட வாணிபம். உட்படாததும் ஒன்று உண்டு. அழகிய படம், அது வேறு எவருடையதோ. "லண்டனில் டாக்டர்", "இராணுவத்தில் அதிகாரி" என்பது அறிமுகம். முதல் வாரம் "சாப்பிட்டீர்களா?" மறுவாரம் "உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை." அடுத்து, "பரிசு அனுப்பினேன், சுங்கத்திலே பிடித்துவிட்டார்கள், பணம் கட்டி எடுங்கள்." அல்லது, "இந்தச் செயலியிலே பணம் போடுங்கள், பத்து மடங்காகும்." இன்னும் கொடியது, வீடியோவிலே அழைத்து ஆடை களையச் செய்து, பதிவு செய்து மிரட்டுவது. அமெரிக்காவிலே மட்டும் 2022-இல் ஏறத்தாழ 70,000 பேர் இத்தகைய காதல் மோசடிக்கு இரையாகி, 130 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்தனர். படித்தவர், பணம் படைத்தவர் எல்லாம் ஏமாந்த கதை இது. ஆகவே நம் தோழர் ஒருவர் ஏமாந்தால் எள்ளி நகையாடாதீர்கள். நகைப்புக்கு அஞ்சித்தான் பலர் வாய் மூடுகிறார்கள். அந்த மௌனமே மோசக்காரனுக்கு முதலீடு!

செய்ய வேண்டியது என்ன? பணம் போனால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும். எத்தனை விரைவோ அத்தனைக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. உரையாடலை அழிக்கக் கூடாது, அதுவே சாட்சி. கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. "அந்தப் பக்கம் கர்நாடகம், எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் சொன்னால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது அது. எல்லைப்புறத் தொழிலாளிக்கு இது ஒரு கேடயம்.

பெண்களுக்கு இருக்கும் இடர் இன்னும் பெரிது. கலியாண ஆசை காட்டிக் கைவிடுவோர், படத்தை எடுத்து இழிவு செய்வோர், முகவரி தெரிந்துகொண்டு பின்தொடர்வோர் பலர். முதல் சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்திலே இருக்கட்டும். தோழி ஒருத்திக்கு எங்கே, யாரோடு என்று தெரிந்திருக்கட்டும். மணம் செய்வதாகப் பொய் கூறியோ அடையாளத்தை மறைத்தோ உறவு கொள்வோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. கலியாணத் தளங்கள் பதிவு செய்பவரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், குறைகேட்கும் அலுவலரை அறிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜூனிலேயே நெறிமுறை வெளியிட்டது. நெறிமுறை, நெறிமுறையாகவே இருக்கிறது. அதைச் சட்டமாக்கு, புகார் கேட்கும் வாயிலைத் தமிழிலே திற, சந்தாவை ஒரு சொல்லிலே நிறுத்தும் உரிமை கொடு என்று கேட்க வேண்டியது நாம்.

இவ்வளவும் சரி செய்தாலும், இயந்திரத்தால் ஆகாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. 2018 நவம்பரை நினைவு கூருங்கள். ஓசூரை அடுத்த சூடுகொண்டபள்ளி. ஒடுக்கப்பட்ட சாதியிலே பிறந்த இளைஞன். வேறு சாதியிலே பிறந்த பெண். எந்தச் செயலியும் சேர்த்துவைக்கவில்லை. ஒரே ஊர், ஒருவரை ஒருவர் விரும்பி மணந்தனர். கடத்திச் செல்லப்பட்டனர். கர்நாடகத்தின் சிவனசமுத்திரம் அருகே காவிரியிலே சடலங்களாய்க் கிடைத்தனர். பெண்ணின் தந்தையும் உறவினரும் கைது செய்யப்பட்டனர். திரையிலே வலப்புறம் தள்ள ஒரு விரல் போதும். தெருவிலே சேர்ந்து வாழ, ஊர் துணை வேண்டுமே!

இதே ஓசூர் வட்டத்துத் தொரப்பள்ளியிலே பிறந்தவர் இராஜாஜி. அவர் மகள் இலட்சுமியும் காந்தியாரின் மகன் தேவதாசும் சாதி கடந்து காதலித்தபோது, ஐந்தாண்டு பிரிந்திருங்கள் என்றனர் தந்தையர் இருவரும். காத்திருந்து 1933-இல் மணந்தனர். பெரியோர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது காத்திருப்பு; ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது காவிரி!

சட்டம் இல்லாமல் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய திருத்தம், புரோகிதர் இன்றி, உற்றார் நண்பர் முன்னே மாலையோ மோதிரமோ மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ச் செல்லத்தக்கதாக்கியது. ஊரறியக் கூட்டம் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மதம் கடந்தவருக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. சாதி கடந்து மணப்போரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசின் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டமும் உண்டு. ஏட்டிலே உள்ளது இவ்வளவும். ஏட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது யார்?

அது நம் வேலை, தோழர்களே! சங்க அலுவலகமும் படிப்பகமும் ஆண்கள் மட்டும் அரட்டை அடிக்கும் இடமாக இருக்கும் வரை, கைப்பேசிக் கடைக்கே கூட்டம். பெண் தொழிலாளரும் வந்து சமமாய் உட்கார்ந்து, படித்து, பேசி, பழகும் இடமாக அவற்றை மாற்றுவோம். ஏமாந்தவர் வந்தால், 1930-ஐ அழைக்க உடன் நிற்போம். சாதி கடந்து மணக்க இருவர் வந்தால், சாட்சிக் கையெழுத்துக்கு முதல் ஆளாய் நிற்போம். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்கு நாற்பது பேராய்ப் போவோம். முதலில் நம் வீட்டுப் பதிவிலே, நம் தங்கைக்கும் தம்பிக்கும் வரன் தேடும் பக்கத்திலே, சாதி என்ற கட்டத்தைக் காலியாக விடுவோம்!

தரகரை மாற்றியது விஞ்ஞானம். தராசை மாற்ற வேண்டியது நாம்.