பந்தி விசாரித்தவர் வீட்டில் பிறந்த மன்னர்கள்

புடவைக் கடையில் 'மாங்காய் பார்டர்' என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அந்த வடிவத்துக்கு ஆங்கிலத்தில் பேஸ்லி என்று பெயர். அது ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து ரயிலேறினால் கால் மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். காஷ்மீர் சால்வைகளில் இருந்த மாங்காயைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் நெசவாளர்கள் தங்கள் தறிகளில் நெய்து விற்றார்கள். மாங்காய் நம்முடையது, பெயர் அவர்கள் ஊருடையதாகிவிட்டது.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்காகக் கிளாஸ்கோ போயிருந்தோம். இந்தச் சங்கதி என் மனைவியின் காதில் விழுந்ததும், அந்த ஊரைப் பார்க்காமல் கோலாலம்பூர் திரும்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. சால்வை பார்க்கப் போன இடத்தில், ஊர் நடுவே இருந்த பழைய மடாலயத்துக்குள்ளும் நுழைந்தோம். பேஸ்லி மடாலயம் என்பார்கள், 1163ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வால்டர் ஃபிட்ஸ் ஆலன். அவர் வகித்த பதவி, ஸ்காட்லாந்து மன்னரின் தலைமை ஸ்டூவர்ட்.

மகள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் கையைத் தட்டினாள். "அப்பா, தாத்தா பார்த்த வேலை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுக்குத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் அப்பா தோட்டத் துரைமார் வந்துபோகும் ஒரு கிளப்பில் ஸ்டூவர்ட்டாக இருந்தார். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், இடுப்பில் சாவிக் கொத்து. சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 புத்தகம். எத்தனை டின் பால், எத்தனை கட்டி வெண்ணெய், எந்த மேசைக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் அதில் இருக்கும். பள்ளியில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் நிரப்பச் சொன்னபோது, நான் 'சூப்பர்வைசர்' என்று எழுதினேன். பெண் பார்க்கப் போனபோதும் அதையேதான் சொன்னேன். தட்டு ஏந்துகிறவர் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் அந்தக் கல் மண்டபத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பதவியின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

சோறு கொண்டுவருபவர்

ஸ்டூவர்ட் என்ற சொல்லைப் பிரித்தால் பழைய ஆங்கிலத்தில் 'வீட்டைக் காப்பவர்' என்று பொருள் வரும். அக்காலத்துச் சாசனங்கள் லத்தீன் மொழியில் இருந்தன. அவற்றில் இந்தப் பதவிக்கு வழங்கிய பெயர் 'டாபிஃபெர்'. அதன் நேர்ப் பொருள் 'உணவை ஏந்தி வருபவர்'.

12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர் ஒரே அரண்மனையில் உட்கார்ந்து ஆட்சி செய்யவில்லை. பரிவாரத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். அவருக்குச் சேரவேண்டியதில் பெரும்பகுதி காசாக வரவில்லை. தானியமாக, மாடாக, பாலாடைக்கட்டியாக வந்தது. மன்னர் வந்து தங்கும்போது இத்தனை பேருக்கு விருந்து போடவேண்டும் என்பதும் ஒரு வரிதான். எந்த ஊரில் என்ன இருக்கிறது, எவ்வளவு வரவேண்டும், எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தெரிந்தவர் இல்லாமல் அரசாங்கம் ஒரு வாரம்கூட நகராது. பந்தி விசாரிப்பதும் நாட்டை நடத்துவதும் அப்போது வெகு தூரத்தில் இல்லை.

மன்னரின் வீட்டில் வேறு பெரிய பதவிகளும் இருந்தன. முத்திரைக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், குதிரைகளுக்கு ஒருவர், மதுவுக்கு ஒருவர். வாசலைக் காக்கவும் ஒரு பிரபு இருந்தார். 'கதவுக் காவலர்' என்ற அந்தப் பதவியே டர்வர்ட் என்ற குடும்பப் பெயராக மாறியது. வீட்டு வேலையின் பெயர்களாகத்தான் இவை தொடங்கின. மன்னருக்கு மிக அருகில் நிற்கும் உரிமை அந்த வேலைகளோடு வந்ததால், அவை பெரும் பதவிகளாயின.

நிலமில்லாத தம்பி

வால்டரின் முன்னோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் அல்லர். பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனி பகுதியில், டோல் என்ற ஊரின் பேராயருக்குத் தலைமுறை தலைமுறையாக ஸ்டூவர்ட்டாக இருந்தவர்கள். வால்டரின் தந்தை ஆலன், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியை அண்டி வந்து வேல்ஸ் எல்லைப் பகுதியில் நிலம் பெற்றார். அந்த நிலம் அண்ணன் வில்லியமுக்குப் போயிற்று. தம்பி வால்டர் பிழைப்புத் தேடி வடக்கே போனார்.

அங்கே முதலாம் டேவிட் (ஆட்சிக்காலம் 1124–1153) மன்னராக இருந்தார். இளமையில் இங்கிலாந்து அரசவையில் வளர்ந்தவர். அங்கே கண்ட முறையில் தம் அரசவையை அமைக்க விரும்பி, வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்தார். வால்டருக்கு ஸ்டூவர்ட் பதவி கிடைத்தது. அடுத்து வந்த நான்காம் மால்கம், அந்தப் பதவியைக் குடும்பச் சொத்தாக, பரம்பரைக்கும் உரியதாக உறுதி செய்தார். ரென்ஃப்ரூ, பேஸ்லி வட்டாரத்து நிலங்களும் வால்டருக்கு வந்தன. 1177ல் அவர் காலமானார்.

அவர் பேரர் காலத்திலிருந்து பதவிப் பெயரே குடும்பப் பெயராயிற்று. குடும்பச் சின்னமாக அவர்கள் வைத்துக்கொண்டது, தங்க நிறத்தின் நடுவே நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் கட்டங்கள் போட்ட பட்டை. கணக்குப் பார்க்கும் மேசையில் விரிக்கும் கட்டம் போட்ட துணியை அது குறிக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அதைப் படித்தபோது அப்பாவின் 555 புத்தகம் என் நினைவுக்கு வந்தது.

மாமனை விட மூத்த மருமகன்

1286ல் மூன்றாம் அலெக்சாண்டர் மன்னர் இரவில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். நாட்டைப் பார்த்துக்கொள்ள ஆறு காப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர், ஐந்தாவது ஸ்டூவர்ட்டான ஜேம்ஸ். அவர் மகன் வால்டர், 1314ல் பானக்பர்ன் போரில் மன்னர் ராபர்ட் புரூஸின் பக்கம் நின்றார். அந்த வெற்றிக்குப் பிறகு, எட்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் பிடியில் இருந்த புரூஸின் மகள் மார்ஜரி விடுதலையானார். 1315ல் வால்டருக்கும் மார்ஜரிக்கும் திருமணம் நடந்தது.

அந்தத் திருமண வாழ்க்கை நீடிக்கவில்லை. நிறைமாதமாக இருந்த மார்ஜரி பேஸ்லி அருகே குதிரையிலிருந்து விழுந்தார் என்றும், குழந்தையை மட்டுமே காப்பாற்ற முடிந்தது என்றும் அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவருடையது என்று கருதப்படும் கல்லறைச் சிற்பம் இன்றும் மடாலயத்தில் இருக்கிறது. அவருக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். கைகூப்பிப் படுத்திருக்கும் அந்தக் கல் உருவத்தின் அருகே என் மனைவி வெகுநேரம் நின்றிருந்தார்.

1316ல் பிறந்த அந்தக் குழந்தைக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: ராபர்ட். இரண்டே வயதில், மன்னருக்கு மகன் பிறக்காவிட்டால் இவனே அடுத்த வாரிசு என்று நாடாளுமன்றம் அறிவித்தது. ஆனால் 1324ல் மன்னருக்கு மகன் பிறந்தான். பெயர் டேவிட். மார்ஜரிக்கு அவன் தம்பி முறை, ராபர்ட்டுக்குத் தாய்மாமன். மருமகன் மாமனை விட எட்டு வயது மூத்தவன்!

1329ல் ஐந்து வயது டேவிட் மன்னராகிவிட்டான். ராபர்ட் தந்தைவழி வந்த ஸ்டூவர்ட் பதவியில் இருந்தார். டேவிட் பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தபோதும், 1346ல் நெவில்ஸ் கிராஸ் போரில் பிடிபட்டு பதினொரு ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறையிருந்தபோதும், நாட்டைப் பார்த்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் இந்த மருமகன். அந்தப் போரில் ராபர்ட் தம்மை விட்டுவிட்டு வெளியேறிவிட்டார் என்ற கோபம் டேவிட்டுக்கு இருந்தது. திரும்பி வந்த பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஸ்டூவர்ட் குடும்பம் அரியணை ஏறக்கூடாது என்று டேவிட் செய்து பார்த்த ஏற்பாடுகளும் உண்டு.

1371 பிப்ரவரியில், 46 வயதில், பிள்ளை இல்லாமலே டேவிட் இறந்தார். அடுத்த மாதம் ஸ்கோன் என்ற இடத்தில் இரண்டாம் ராபர்ட்டாக முடிசூடியவருக்கு வயது 55. அதுவரை அவரை எல்லோரும் அழைத்த பெயர் 'ஸ்டூவர்ட் ராபர்ட்'. உணவு ஏந்தி வந்தவரின் ஏழாம் தலைமுறை, பந்தியின் தலைமாட்டில் அமர்ந்தது.

நமக்கு இது முற்றிலும் புதிய கதை அல்ல. மலாய் அரசுகளில் பெண்டஹாரா என்ற பெரும் பதவி உண்டு. களஞ்சியக் காவலரைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. நம் 'பண்டகசாலை'க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். 1699ல் ஜொகூர் சுல்தான் மஹ்மூத் வாரிசின்றி மறைந்தபோது, அரியணை பெண்டஹாரா குடும்பத்துக்குத்தான் போயிற்று. வீட்டின் சாவியை வைத்திருப்பவர், வீட்டுக்குரியவர் இல்லாதபோது தாமே வீட்டுக்குரியவராவது எங்கும் நடந்திருக்கிறது.

மாற்றி எழுதிய வம்சாவளி

இனிமேல் வருவதுதான் என்னைச் சுட்ட பகுதி.

மன்னர்களாகிவிட்ட குடும்பத்துக்கு, அயல்நாட்டிலிருந்து வேலை தேடி வந்த ஒரு தம்பி முன்னோராக இருப்பது போதவில்லை. 1527ல் ஹெக்டர் போயீஸ் என்ற அறிஞர் வெளியிட்ட ஸ்காட்லாந்து வரலாற்றில், பாங்கோ என்ற வீரப் பிரபுவிலிருந்து ஸ்டூவர்ட் வம்சம் தொடங்கிற்று. பாங்கோ கொல்லப்பட, அவர் மகன் ஃப்ளீயன்ஸ் வேல்ஸுக்குத் தப்பி ஓட, அங்கே அவனுக்குப் பிறந்த மகனே முதல் ஸ்டூவர்ட் வால்டர் என்று கதை போயிற்று. பாங்கோ என்று ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்று ஏதும் இல்லை.

1603ல் ஸ்டூவர்ட் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். சில ஆண்டுகளில் ஷேக்ஸ்பியர் 'மெக்பத்' எழுதினார். பாங்கோவின் சந்ததி மன்னர்களாகும் என்று சூனியக்காரிகள் அதில் சொல்வது இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். உண்மையான பிரிட்டனி மூலத்தை ஆவணங்களோடு ஜே. ஹோரஸ் ரவுண்ட் என்ற வரலாற்றாய்வாளர் 1901ல் வெளியிட்டார். அதற்குள் பாங்கோ கதைக்கு வயது 370க்கு மேல்.

அவர்கள் பாங்கோவை எழுதிக்கொண்டார்கள். நான் 'சூப்பர்வைசர்' என்று எழுதினேன்.

ஆனால் பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. பிரான்சில் வளர்ந்த மேரி அரசியின் காலத்தில் எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு முறைக்கு மாறியது, அவ்வளவுதான். 1714ல் ஆன் அரசி இறக்கும் வரை அரியணையில் இருந்த வம்சத்தின் பெயர், ஒரு வேலையின் பெயர். ஆங்கிலத்தில் வேலைக்கும் வம்சத்துக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்: ஸ்டூவர்ட்.

பதவியும் முழுதாக மறையவில்லை. 1469ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்தக் குடும்பத்தின் பழைய நிலங்களையும் பட்டங்களையும் அரியணையின் வாரிசுக்கு உரியவை ஆக்கியது. இன்றைக்கு இளவரசர் வில்லியமுக்கு ஸ்காட்லாந்தில் உள்ள பட்டங்களில் ஒன்று 'ஸ்காட்லாந்தின் தலைமை ஸ்டூவர்ட்'. அவர் யாருக்கும் பந்தி விசாரிப்பதில்லை. பெயர் இருக்கிறது.

கிளாஸ்கோ திரும்பும் ரயிலில் மகளிடம் கேட்டேன்: "தாத்தா வேலை உனக்கு எப்படித் தெரியும்?"

"தாத்தாதான் சொல்வாரே. ஒரு தடவை இருநூறு பேர் விருந்து, ஒரு கரண்டிகூடக் குறையாமல் எண்ணி வைத்தேன் என்று. எனக்கு நாப்கின் மடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஏன், உங்களுக்குச் சொன்னதில்லையா?"

சொல்லியிருப்பார். நான்தான் காது கொடுக்கவில்லை.

அப்பா காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்கு வந்ததும் அம்மாவின் அலமாரியில் தேடினேன். நான்கு 555 புத்தகங்கள் கிடைத்தன. பென்சில் எழுத்து மங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல் சரியாக இருக்கிறது. மகளுக்கு வேலைக்கான நேர்காணல் வரப்போகிறது. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தாத்தாவை என்னவென்று சொல்வாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள்.

"ஸ்டூவர்ட்."